அழுகிய வேரிலிருந்து ஆறு கன்றுகள்: ஒரு ரெக்ஸ் பிகோனியாவோடு எட்டு மாதம்

அக்கா வீடு மாறும்போது தன் செடிகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். ரெக்ஸ் பிகோனியா. உள்ளங்கையைவிடப் பெரிய இலை. நடுவில் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளிப் பூச்சு, ஓரத்தில் மறுபடியும் கருஞ்சிவப்பு. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பாக, நரம்புகளின் மேல் பூனைமயிர் போன்ற ரோமத்தோடு இருக்கும். வந்த அன்று ஒன்பது இலை. மூன்று வாரத்தில் ஐந்துதான் மிச்சம், அந்த ஐந்தும் தொட்டியின் விளிம்பில் துவண்டு தொங்கின.

துவண்டதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் துவண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மூன்றாம் நாள் ஓர் இலைக்காம்பு அடியில் கண்ணாடி போல நிறமிழந்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டேன். “தண்ணிய நிறுத்து முதல்ல. தொட்டியத் தூக்கிப் பாத்தியா?” என்றாள். தூக்கினேன். கல் மாதிரி கனத்தது.

அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இந்த எட்டு மாத வேலையும் நடந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடும் பிகோனியாவும், தண்ணீரில் மூழ்கி வாடும் பிகோனியாவும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வேர் அழுகினால் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதை உறிஞ்சி மேலே அனுப்ப ஆளில்லை. இலைக்குத் தாகம், மண்ணில் வெள்ளம். இரண்டில் எது என்று இலை சொல்லாது. தொட்டியின் கனமும் வேரும்தான் சொல்லும்.

தொட்டியைக் கவிழ்த்த நாள்

தினசரித் தாளை விரித்து, செடியின் அடியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்தேன். மண் கட்டியாக வந்தது. மூக்கில் முதலில் பட்டது வாசனை. நல்ல மண்ணின் மணம் இல்லை, தேங்கிய தண்ணீரின் நாற்றம். மேல் இரண்டு விரல் அளவுக்கு மட்டும் வேர் இருந்தது. கீழே முக்கால் தொட்டியும் வேரே எட்டிப் பார்க்காத ஈரமண்.

பிகோனியாவின் வேர் நூல் போல மெலிந்தது, ஆழமாகப் போகாது. நல்ல வேர் வெளிர்நிறமாக இருக்கும், லேசாக இழுத்தால் தாக்குப்பிடிக்கும். அழுகியது பழுப்பாக இருக்கும். அதை விரல்களுக்கு இடையில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டு, உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் நிற்கும். என் செடியில் கிட்டத்தட்ட எல்லா வேரும் அப்படித்தான் வழுக்கின.

அடுத்து தண்டு. ரெக்ஸ் வகைக்குக் கிடையாகப் படரும் தடித்த தண்டு உண்டு, ரைசோம் என்பார்கள். இஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது மண்ணுக்குமேல் ஊர்ந்து போவது. அதன் மேற்பக்கத்திலிருந்து இலை, அடிப்பக்கத்திலிருந்து வேர். செடியின் உயிர் இதில்தான் இருக்கிறது. இலை எல்லாம் போனாலும் இந்தத் தண்டு கெட்டியாக இருந்தால் செடி திரும்ப வரும். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். நுனிப்பக்கம் கெட்டி. நடுவில் ஓர் இடத்தில் விரல் அப்படியே உள்ளே போனது. அதைத் தாண்டி வால்பக்கத்தில் மறுபடியும் கெட்டி.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டினேன். அழுகிய இடத்தில் வெட்டுமுகம் தேநீர் நிறத்தில் இருந்தது. ஒரு சன்னத் துண்டு தள்ளி மறுபடியும் வெட்டினேன். நடுவில் இன்னும் ஒரு பழுப்புப் புள்ளி. பிளேடைத் துடைத்து மூன்றாவது தடவை. இப்போது வெட்டுமுகம் முழுக்க இளம்பச்சை, ஓரத்தில் லேசான ரோஸ், தெளிந்த நீர் மெதுவாகக் கசிந்தது. அங்கேதான் நிறுத்த வேண்டும். ஒரு புள்ளி பழுப்பை “போனால் போகட்டும்” என்று விட்டால் அது ஒரு வாரத்தில் மீதியையும் தின்றுவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் பிளேடைத் துடைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

கடைசியில் கையில் மிஞ்சியது இவ்வளவு: நுனி மொட்டோடு ஆறு சென்டிமீட்டர் தண்டு, வால்பக்கத்தில் இலையே இல்லாத இரண்டரை சென்டிமீட்டர் கட்டை. நுனித்துண்டில் நான்கு இலை இருந்தது. வேர் இல்லாத தண்டு நான்கு பெரிய இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் பெரியவை இரண்டையும் காம்போடு எடுத்துவிட்டேன். இரண்டு தண்டுகளையும் வெட்டுவாய் உலரட்டும் என்று நிழலில் இரண்டு மணி நேரம் தாளின்மேல் விட்டேன்.

மண் கலவையும் தொட்டியும்

பழைய தொட்டி இருபது சென்டிமீட்டர் அகலம், ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவே. பெரிய தொட்டியில் வைத்தால் செடி சுதந்திரமாக வளரும் என்று தோன்றும். பிகோனியாவுக்கு அது விபரீதம். வேர் எட்டாத மண்ணில் இருக்கும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. அது காற்றில் உலர்ந்தால்தான் உண்டு. அதுவரை வேரின் காலடியில் ஈரக்குட்டை.

புதிதாக எடுத்தது பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமும் எட்டு சென்டிமீட்டர் உயரமும் உள்ள, அடியில் நிறைய துளை போட்ட பிளாஸ்டிக் தொட்டி. தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். மண்தொட்டி வைக்கலாமா என்றால் வைக்கலாம், சீக்கிரம் உலரும், அதற்கேற்ப அடிக்கடி தண்ணீர் பார்க்க வேண்டும். எனக்குக் கனத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு பிளாஸ்டிக்தான் வசதி.

கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப்பாறையின் இலேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு அரைப் பங்கு. கோகோபீட்டை முதலில் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன், அதில் உப்பு தங்கியிருக்க வாய்ப்பு உண்டு, பிகோனியாவின் மெல்லிய வேர் உப்பைத் தாங்காது. கலந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தேன். ஒன்றிரண்டு சொட்டு விழுந்து, கையைத் திறந்ததும் கட்டி பொலபொலவென்று உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினாலோ, உருண்டை உருண்டையாக நின்றாலோ பெர்லைட் போதவில்லை.

அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் செய்வதை நானும் இத்தனை காலம் செய்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை போடவில்லை. பொடிமண்ணிலிருந்து தண்ணீர் கீழே இருக்கும் பெரிய கல்லிடுக்குக்குச் சுலபமாக இறங்காது. மண் முழுவதும் நனைந்து தெவிட்டிய பிறகுதான் இறங்கும். தொட்டியின் அடியில் எப்போதும் நிற்கும் அந்த ஈரப்பட்டை, கல் போட்டால் கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். கல் போட்டு நாம் சாதிப்பது தொட்டியின் நல்ல மண்ணைக் குறைப்பது மட்டும்தான்.

நடும்போது தண்டைப் புதைக்கவில்லை. கலவையின்மேல் கிடத்தி, பாதி உயரம் மட்டும் அழுந்தும்படி வைத்து, இரண்டு வளைத்த கம்பியால் பொருத்தினேன். முதுகு வெளியே தெரிய வேண்டும். முதல் தடவை அழுகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்: அக்கா வீட்டிலிருந்து வரும்போது செடி ஆடுகிறதே என்று நான்தான் மேல்மண் போட்டுத் தண்டை மூடினேன்.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இதெல்லாம் மனதில் தானாக நிற்கும். பிகோனியா ரெக்ஸ் என்ற மூல இனம் அசாம் பக்கத்துக் காடுகளைச் சேர்ந்தது. 1850களில் ஐரோப்பாவுக்குப் போய், 1857இல் பூட்செய்ஸ் என்ற பெல்ஜியத் தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். ‘ரெக்ஸ்’ என்றால் லத்தீனில் அரசன். இப்போது நாம் வளர்ப்பதெல்லாம் அந்த அரசனை மற்ற ஆசிய பிகோனியாக்களோடு கலந்து உருவாக்கிய கலப்பினங்கள். வண்ணங்கள் எவ்வளவு மாறினாலும் உடம்பு மாறவில்லை. மரநிழலில், ஈரக்காற்றில், மக்கிய இலைச் சருகின்மேல் படர்ந்து, வேரை மேலோட்டமாக விட்டு வாழும் உடம்பு அது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் நிற்காது. நம் தொட்டியில் செய்ய வேண்டியதும் அதுதான்.

இலையிலிருந்து செடி

எடுத்த இரண்டு இலைகளையும் குப்பையில் போட மனமில்லை. பிகோனியாவில் இலைத்துண்டு ஒன்றிலிருந்து முழுச்செடி வரும். வெட்டுப்பட்ட நரம்பின் வாயில் இருக்கும் செல்கள் மறுபடியும் பிரிந்து பெருகி, முதலில் வேரும் அப்புறம் குருத்தும் விடும். இதைப் படித்திருந்தேன், செய்தது இதுதான் முதல் தடவை.

முதல் இலையை மேசைமேல் குப்புறப் போட்டேன். காம்பு சேரும் இடத்திலிருந்து ஏழு தடித்த நரம்புகள் விரல் விரித்த மாதிரி ஓரம்வரை போகின்றன. இலை இரண்டு பக்கமும் சமம் இல்லை, ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். பிகோனியாக் குடும்பத்தின் அடையாளமே அந்தக் கோணல்தான். ஒவ்வொரு நரம்பையும் நடுவில் வைத்து ஆப்பு வடிவில் வெட்டினேன். பிளேடு நரம்பைக் கடக்கும்போது வெள்ளரிப் பிஞ்சை நறுக்குவது போன்ற சிறு சத்தம் வரும், அவ்வளவு நீர்ச்சத்து. ஓரப்பகுதி மெலிந்து தண்ணீரை வீணாக இழக்கும், அதை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி எடுத்துவிட்டேன்.

ஆப்பின் கூர்முனை, அதாவது காம்புப்பக்கம் இருந்த முனை, மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வராது. ஏழு துண்டும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், சற்றே சாய்வாக.

வெட்டும்போது ஒரு துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அந்த வெள்ளி நிறம் பூச்சு இல்லை, நிறமியும் இல்லை. மேல்தோலுக்கும் பச்சைத் திசுவுக்கும் நடுவில் நுண்ணிய காற்று இடைவெளி இருக்கிறது. அதில் படும் வெளிச்சம் சிதறித் திரும்புவதுதான் நம் கண்ணுக்கு வெள்ளியாகத் தெரிகிறது. நகத்தால் அழுத்தினால் அந்த இடம் பச்சையாகிவிடுகிறது, காற்று வெளியேறிவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு வேலை முடிய ஒரு மணி நேரம் தாமதம்.

இரண்டாவது இலையை முழுசாகவே வைத்தேன். அடிப்பக்கத்தில் பெரிய நரம்புகளைக் குறுக்காக ஆறு இடத்தில் கீறி, கலவைமேல் சிவப்புப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, கீறல்கள் மண்ணைத் தொடும்படி கம்பியால் குத்தினேன்.

எல்லாவற்றையும் மூடி உள்ள ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தேன். தண்டுத்துண்டு இரண்டும் அதிலேயே. நேர்வெயில் படாத, வெளிச்சமான இடம். வேர் இல்லாத துண்டுக்குக் காற்றில் ஈரம் இருந்தால்தான் பிழைப்பு. அறை வெப்பம் இருபத்திரண்டு டிகிரியை ஒட்டி இருந்தது, இலைத்துண்டுக்கு இருபதுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தினமும் காலையில் பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்து, மூடியில் கோத்த நீரைத் துடைத்தேன்.

அப்புறம் நடந்தது, குறிப்பேட்டிலிருந்து:

ஒன்பதாம் நாள். ஆப்புத் துண்டுகளில் இரண்டு கறுத்து வழுவழுப்பாகிவிட்டன. உடனே எடுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள். இன்னொன்றும் போயிற்று. மற்ற நான்கை லேசாகத் தொட்டு அசைத்தேன், பிடிப்பு தெரிகிறது.

இருபத்திரண்டாம் நாள். நுனித்தண்டின் மொட்டு பிரிகிறது. புது இலை சுருண்டு, முழுக்க ரோஸ் நிறத்தில், நகத்தளவு.

முப்பத்தெட்டாம் நாள். ஓர் ஆப்பின் அடியில் கடுகு அளவில் ரோமம் போர்த்திய சிவப்புப் புள்ளி. முதலில் பூஞ்சை என்று பயந்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தால் இலை! காம்பு, கோணல், எல்லாமே உண்டு, அளவு மட்டும் கடுகு.

நாற்பத்தேழாம் நாள். முழு இலையின் நடுப்பகுதி அழுகிவிட்டது. ஆனால் ஓரத்துக் கீறல்கள் இரண்டில் குருத்து. இலையில்லாக் கட்டையும் பக்கவாட்டில் ஒரு மொட்டுத் தள்ளியிருக்கிறது.

ஆக, ஆப்பில் நான்கு, முழு இலையில் இரண்டு: ஆறு கன்று. யாராவது கேட்டால் நான் ஆப்பு முறையைத்தான் சொல்வேன். ஒரு துண்டு அழுகினால் அதோடு போகும். முழு இலையில் ஓர் இடத்தில் ஆரம்பித்த அழுகல் நரம்பு வழியாகப் பரவியது. கன்றுகள் தாயின் கோலத்தையே காட்டின, ஆனால் உடனே இல்லை. முதல் இரண்டு இலை மங்கலான பச்சை, மூன்றாவதிலிருந்துதான் வெள்ளி ஏறியது. அவசரப்பட்டு “நிறம் மாறிவிட்டது” என்று கவலைப்பட வேண்டாம். விதை போட்டால் இப்படித் தாயைப் போல வராது, கலப்பினம் என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

தராசு வந்தது

பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதை ஒரு வாரம் இழுத்துச் செய்தேன். முதல் நாள் மூடியை ஒரு விரல் அகலம் திறந்து, அப்புறம் பாதி, அப்புறம் முழுக்க. திடீரென்று வெளியே வைத்தால் அந்த மெல்லிய இலை ஒரே மதியத்தில் மடிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் என் கையை நம்ப மனம் வரவில்லை. விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், மேல் இரண்டு சென்டிமீட்டர் உலர்ந்திருந்தால் ஊற்றலாம். ஆனால் கோகோபீட் மேலே வெளுத்து உலர்ந்து தெரியும்போதே உள்ளே ஈரம் வைத்திருக்கும். அதனால் சமையலறைத் தராசை எடுத்து வந்தேன். தாய்த்தொட்டியை நன்றாக நனைத்து, வடிந்து நின்றபின் 520 கிராம். இலை சற்றே தளரும் அளவுக்கு ஒருமுறை உலரவிட்டபோது 330. நான் தண்ணீர் ஊற்றும் கோட்டை 370இல் வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் எடைபோட்ட பிறகு தராசு தேவைப்படவில்லை, தூக்கினால் கையே சொல்லிவிட்டது. செடி பெரிதாகும்போது இந்த எண்ணும் ஏறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் எடைபோடுகிறேன்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியேறும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கால்மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பது கூடாது. மேலே மட்டும் சதா ஈரம், அடியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். தண்டின் முதுகிலும் இலையிலும் படாமல் ஓரமாக ஊற்றுகிறேன். இதற்கு மூக்கு நீண்ட பூவாளி இருந்தால் நல்லது.

வெளிச்சம்

வடக்குப் பார்த்த சன்னலில் ஒரு மாதம் வைத்தேன். இலைக்காம்பு ஒவ்வொன்றும் முன்னதைவிட நீளமாக, வெளிச்சத்தை நோக்கிக் கழுத்தை நீட்டியது. வண்ணமும் மங்கியது. கிழக்குச் சன்னலுக்கு ஒரு மீட்டர் உள்ளே, மெல்லிய திரைக்குப் பின்னால் மாற்றிய பிறகு வந்த இலைகள் குட்டைக்காம்போடு, வெள்ளி பளிச்சென்று வந்தன. இடம் சரிதானா என்று பார்க்க, பகலில் இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடிப்பேன். நிழல் தெரிய வேண்டும், ஆனால் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். கத்தரித்த மாதிரி கூர்மையான நிழல் விழுந்தால் வெயில் அதிகம், இலையில் காகிதம் போல வெளிறிய தீய்ந்த திட்டு வரும். நிழலே தெரியவில்லை என்றால் இருட்டு.

வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புகிறேன்.

சாம்பல் நோய்

நான்காம் மாதம் வந்த சோதனை இது. கன்றுகள் ஆறையும் தாயையும் நெருக்கமாக ஒரே தட்டில் வைத்திருந்தேன், அழகாக இருக்கிறதே என்று. இலை உரசிக்கொண்டு நின்றன. காற்றோட்டம் இல்லை. ஒரு காலை, கீழ் இலை ஒன்றில் மாவு சிந்திய மாதிரி வட்டமாக ஒரு வெண்திட்டு. விரலால் துடைத்தால் போகிறது, இரண்டு நாளில் அதே இடத்தில் மீண்டும் வருகிறது. சாம்பல் நோய்.

இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு இலைமேல் நீர்த்துளி வேண்டும். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு அது தேவையில்லை, ஈரமான தேங்கிய காற்றே போதும், அதன் வித்து முளைத்துவிடும். ஆகவே “இலை நனையாமல்தானே பார்த்துக்கொண்டேன்” என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிகோனியாவுக்கு ஈரக்காற்று வேண்டும், அது நகரவும் வேண்டும்.

திட்டு இருந்த மூன்று இலைகளையும் ஆட்டாமல், ஒரு பையை மேலே போர்த்தி, பைக்குள்ளேயே வெட்டி எடுத்தேன், வித்து பறக்காமல் இருக்க. நோய் கண்ட கன்று இரண்டை வேறு அறைக்குக் கொண்டுபோனேன். பொட்டாசியம் பைகார்பனேட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு சேர்த்து, முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் காத்திருந்தேன். ரெக்ஸ் இலை சில தெளிப்புகளுக்குக் கறைபடும், அதனால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். கறை வரவில்லை. வாரம் ஒருமுறை, மூன்று வாரம், மாலை வேளையில் எல்லாவற்றுக்கும் தெளித்தேன். தொட்டிகளுக்கு நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, சிறிய மேசை விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மிக மெதுவாக ஓடவிட்டேன். காற்று சுவரில் மோதித் திரும்பி வரும்போது இலை லேசாக அசைந்தால் போதும். விசிறி வந்த பிறகு புதுத்திட்டு வரவில்லை. மருந்தைவிட விசிறிக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

இலைமேல் தண்ணீரைப் பனி மாதிரித் தெளிப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெளித்தால் ஈரப்பதமானியின் முள் ஏறும், பத்து நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். இலையில் தங்கும் ஈரம் பாக்டீரியாப் புள்ளிக்கு வழிவிடும். நான் விட்டுவிட்டேன். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதிலும் பெரிய பலன் தெரியவில்லை, முள் அசையவே இல்லை. காற்று மிகவும் வறண்ட நாட்களில் ஈரப்பதமூட்டியை ஓட்டுகிறேன், ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இலை ஓரம் கருகுவதில்லை.

ஓரக் கருகலுக்கு வறண்ட காற்று ஒன்றே காரணம் என்று நினைக்க வேண்டாம். உரத்தின் உப்பு சேர்ந்தாலும் அதே பழுப்பு விளிம்பு வரும். மண்ணின் மேலோ தொட்டியின் விளிம்பிலோ வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான். தொட்டியைக் குழாயடியில் வைத்து, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு வடியவிட்டேன். உரம் என்று நான் கொடுப்பது வளரும் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பொட்டலத்தில் போட்ட அளவில் கால்பங்கு. வேர் பிடித்து இரண்டு புது இலை வந்த பிறகுதான் முதல் உரமே கொடுத்தேன்.

பூ, பூனை, குளிர்

ஐந்தாம் மாதம் தாய்ச்செடி பூத்தது. வெளிர் ரோஸ் நிறம், சிறியது. ஒரே செடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக இருக்கும், பெண்பூவுக்குப் பின்னால் மூன்று சிறகு வைத்த சூல்பை தெரியும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இலைக்காக வளர்க்கிறவர்கள் பூக்காம்பைக் கிள்ளிவிடுவார்கள், சத்து இலைக்குப் போகட்டும் என்று. நானும் கிள்ளுகிறேன். அந்த முதல் கொத்தை மட்டும் விட்டுவைத்தேன், மடியவிருந்த செடி கொடுத்த பூ அது.

கன்று ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தேன். அவள் வீட்டில் பூனை உண்டு. பிகோனியாவில் ஆக்சலேட் உப்புகள் இருக்கின்றன. நாயோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து, எச்சில் ஒழுகி, வாந்தி வரலாம், தண்டும் வேரும்தான் அதிகத் தொல்லை தரும். “அலமாரி மேல வச்சிருக்கேன், அதுக்கு அங்க ஏற முடியாது” என்றாள். பூனையைப் பற்றி அக்கா சொல்வதை நான் முழுசாக நம்பவில்லை, தொங்கும் கூடை ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஆறாம் மாதம் குளிர் வந்தது. இரவில் அறை பதினைந்து டிகிரிக்குக் கிட்டே போனதும் தாய்ச்செடி புது இலை விடுவதை நிறுத்தியது, பழைய இலை இரண்டு மஞ்சளாகி விழுந்தது. முன்பாக இருந்தால் பயந்துபோய்த் தண்ணீரும் உரமும் கொடுத்திருப்பேன். தண்டை அழுத்திப் பார்த்தேன், கெட்டி. செடி ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். உரத்தை நிறுத்தி, தண்ணீர்க் கோட்டை 370இலிருந்து 350க்கு இறக்கினேன். தொட்டியைச் சன்னலிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். ஏழு வாரம் அப்படியே கிடந்தது.

இப்போது எட்டாம் மாதம். வெப்பம் திரும்பியதும் தண்டின் நுனி ஊர்ந்து தொட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டது, அதன்மேல் ஏழு இலை. இலையில்லாக் கட்டையாக வைத்தது நான்கு இலையோடு தனித்தொட்டியில் நிற்கிறது. கன்றுகளில் ஐந்து என்னிடம், ஒன்று அக்காவிடம். நேற்று அக்கா கூப்பிட்டாள். இலை எல்லாம் தொங்குகிறது, தண்ணீர் ஊற்றட்டுமா என்றாள். தூக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. “காத்து மாதிரி இருக்கு” என்றாள். அப்படியென்றால் தாராளமாக ஊற்று என்றேன். மாலையில் மறுபடியும் கூப்பிட்டாள், இலை எழுந்துவிட்டதாம்.